மலை இறங்கிய மருந்துச் சீட்டு: இடுக்கி–தேனி எல்லையில் நோயாளியை மையமாக வைக்கும் சிகிச்சை

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏறும் இந்த மூன்று பாதைகளிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளோடு நோயாளிகளும் போய்வருகிறார்கள். மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ரேஷன் கார்டு கேரளத்தில், சொந்தபந்தம் பாதி தமிழ்நாட்டில். பெரிய நோய் என்றால் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஆபரேஷன் முடிந்ததும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று கம்பத்திலோ போடியிலோ இருக்கும் அம்மா வீட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். தையல் பிரிப்பதும் மருந்தைத் தொடர்வதும் அங்கேயுள்ள அரசு மருத்துவமனையில், அல்லது க.விலக்கில் இருக்கும் தேனி மருத்துவக் கல்லூரியில். 1956-ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அதனால் இன்று ஒரே நோயாளியின் ஒரே சிகிச்சை இரண்டு அரசுகளின் கையில் பாதிப் பாதியாக நடக்கிறது.

நோயாளியை மையமாக வைக்கும் சிகிச்சை என்றதும் குளுகுளு வரவேற்பறையும் சிரித்த முகமும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2001-ல் வெளியிட்ட அறிக்கை நல்ல சிகிச்சைக்கு ஆறு இலக்குகளைச் சொன்னது. அதில் ஒன்று இது. நோயாளியின் விருப்பம், தேவை, அவர் எதைப் பெரிதாக நினைக்கிறார் என்பது ஆகியவற்றை மதித்து, மருத்துவ முடிவுகளை அவற்றின் வழியில் எடுப்பது என்று அதற்குப் பொருள் கொடுத்தது. எங்கள் கணக்கில் இதை அளக்க வேண்டிய இடம் மருத்துவமனை அல்ல. டிஸ்சார்ஜ் ஆன பத்தாம் நாள், லயத்து வீட்டில், அந்த மருந்து சரியான நேரத்தில் சரியான அளவில் உள்ளே போகிறதா என்பதுதான் அளவுகோல்.

முதல் சிக்கல் ஓ.பி.யிலேயே தொடங்கிவிடுகிறது. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017-ல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் ஒரு நோயாளிக்கு மருத்துவர் கொடுக்கும் நேரம் சுமார் 2 நிமிடம். இவ்வளவு கூட்டத்தில் பேச விட்டால் முடியுமா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் சுவிட்சர்லாந்தில் 2002-ல் ஓ.பி. நோயாளிகளைக் குறுக்கிடாமல் பேச விட்டுப் பார்த்தபோது, அவர்கள் சராசரியாக ஒன்றரை நிமிடத்தில் தாங்களே பேச்சை முடித்துக்கொண்டார்கள். அந்த ஒன்றரை நிமிடத்தை மருத்துவரே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. கேரளத்தில் 2017-ல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் குடும்ப சுகாதார மையமாக மாறிய ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரிடம் போகும் முன்பே நர்ஸ் பிரஷர் பார்த்து, என்ன தொந்தரவு என்று கேட்டுக் குறித்துவைக்கும் முறை வந்தது. அங்கே உட்கார்ந்திருக்கும் சிஸ்டர் "வேற ஏதாவது இருக்காக்கா?" என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டால் போதும். இருமலுக்கென்று வந்த பெண், ஆறு மாதமாக அடி (கர்ப்பப்பை) இறங்கியிருப்பதை அப்போதுதான் சொல்லுவார்.

அதையும் யார் முன்னால் சொல்லுவார் என்பது இருக்கிறது. மருத்துவர் மலையாளம், நோயாளி தமிழ் என்றால் நடுவில் நின்று சொல்லுவது பெரும்பாலும் கணவர், அல்லது மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பத்து வயதுப் பிள்ளை. இது கூடவே கூடாது. கணவர் வழியாக மாதவிடாய்ப் பிரச்சினை பாதிதான் வரும். பிள்ளை வழியாக எதுவுமே வராது. இடுக்கி மருத்துவமனைகளில் தமிழ் பேசும் நர்ஸ், ஆஷா (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்), துப்புரவுப் பணியாளர் என்று யாராவது கட்டாயம் இருப்பார்கள். யார் மொழிபெயர்ப்பது, வார்டில் எந்த ஷிஃப்டில் யார் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுவதற்குக் காசே செலவில்லை. துப்புரவுப் பணியாளரை வைத்து எச்.ஐ.வி. பரிசோதனை முடிவைச் சொல்லக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

இனி இன்சுலின். எல்லையைத் தாண்டும்போது மிக எளிதாகத் தவறு நடப்பதும், சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாவதும் இதில்தான்.

அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும் இன்சுலின் குப்பியில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலும் சில குப்பிகளிலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. மலையில் ஒரு இடத்தில் குப்பி வாங்கி, கீழே கம்பத்து மருந்துக் கடையில் சிரிஞ்சு மட்டும் வாங்கும்போது இரண்டும் மாறிப்போகும். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கிவிடலாம். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் போவது வெறும் 4 யூனிட். சுகர் 400-க்கு ஏறி, "சொன்ன மருந்தை ஒழுங்காப் போடலை" என்று நோயாளி திட்டு வாங்குவார். சீட்டில் "இன்சுலின் 10" என்று மட்டும் எழுதுவது இந்த இரண்டு விபத்துக்கும் வழி திறந்துவிடும். குப்பியின் அடர்த்தி, சிரிஞ்சின் மூடி நிறம், யூனிட் என்ற சொல் ஆகிய மூன்றும் சீட்டில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று முதல் பத்து சிரிஞ்சைக் கையிலேயே கொடுத்தனுப்புவது இன்னும் நல்லது.

அடுத்தது நேரம். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு என்று 30/70 கலவை இன்சுலினை (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு) எழுதுகிறார்கள். கொழுந்து எடுக்கப் போகும் பெண்ணுக்குக் காலைச் சாப்பாடு எப்போது? விடியும்முன் எழுந்து ஒரு கட்டன் சாயா, பிள்ளைகளுக்குச் சமையல், பிறகு மலைக்கு நடை. தூக்குப் போணியைத் திறப்பது ஒன்பதரைக்கோ பத்துக்கோ. ஆறு மணிக்கு ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஒன்பது மணிக்குள் சரிவில் நிற்கும்போதே கை நடுங்கும், அந்தக் குளிரிலும் வேர்க்கும், கண் இருட்டும். இரண்டு முறை அப்படி ஆனால் அவரே ஊசியை நிறுத்திவிடுவார். அவர் நிறுத்தியதில் தவறே இல்லை. அவரைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். "எத்தனை மணிக்கு மலைக்குப் போவீங்க, எப்ப சோறு திம்பீங்க?" என்று மருத்துவர் கேட்டிருந்தால், ஊசியைச் சாப்பாட்டு நேரத்துக்கோ சாப்பாட்டை ஊசி நேரத்துக்கோ மாற்றியிருக்கலாம், அல்லது இரவில் ஒரு ஊசி போதும் என்ற வகைக்கு மாறியிருக்கலாம். முந்தானையில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை முடிந்துகொண்டு போகச் சொல்ல வேண்டும். நடுக்கம் வந்தால் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து, சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

வைக்கும் இடமும் முக்கியம். திறந்த குப்பியை மூணாற்றுக் குளிரில் அலமாரியில் நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம், ஃப்ரிட்ஜ் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் அங்கே உறைபனி விழும் இரவுகள் உண்டு. ஜன்னல் விளிம்பில் வைத்த குப்பி உறைந்துபோனால், உருகின பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. அதே குப்பி சித்திரையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கினால் பிரச்சினை தலைகீழ்: தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் ஒரு சின்ன டப்பாவில் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சிஸ்டருக்கு மரியாதை, பின்னால் நிற்கும் வரிசை, ஜீப்புக்கு நேரமாச்சு. ஆகவே அந்தக் கேள்வியே பயனில்லாதது. திருப்பிச் சொல்ல வைக்கும் முறைதான் வேலை செய்கிறது. ஒரு தடவைக்கு மூன்று செய்திக்கு மேல் சொல்லாதீர்கள். பிறகு, "நான் சரியாச் சொன்னேனான்னு பாத்துக்கிறேன்மா, வீட்டுக்குப் போயி மருமககிட்ட இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். சோதனை தனக்கல்ல, சொன்னவருக்கு என்று தெரிந்தால் நோயாளி கூச்சப்படாமல் பேசுவார். ஊசி, இன்ஹேலர் போன்றவற்றைச் சொல்லச் சொல்லாமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். தவறு வந்தால் அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வதில் பயனில்லை. வேறு விதமாகச் சொல்லி, மறுபடி கேட்க வேண்டும். இதற்கு மூன்று, நான்கு நிமிடம் ஆகும். கூட இருக்கும் பைஸ்டாண்டருக்கும் சேர்த்தே நடத்த வேண்டும். ஆனால் வார்டில் நின்ற பைஸ்டாண்டரும் வீட்டில் மருந்து கொடுப்பவரும் ஒரே ஆளா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அவர்கள் வேறு வேறு ஆட்கள்.

மாத்திரையில் இன்னொரு விதக் குழப்பம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு, 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்கித் தருகிறது. கேரளத்துக்குத் தனிக் கழகம். அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு பக்கமும் வேறு அட்டையில், வேறு நிறத்தில் வருகிறது. கீழே ஒரு மாதம் தங்கியிருந்துவிட்டு மலையேறுபவர் இரண்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்தே சாப்பிடுவார். பிரஷர் மாத்திரை இரட்டிப்பானால் கால் வீங்கும், எழுந்து நிற்கையில் தலை சுற்றும். சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமெபிரைடு இரட்டிப்பானால் மறுபடியும் தாழ்சர்க்கரை மயக்கம். மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படியாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளில் 2016-லேயே திருத்தம் வந்துவிட்டது. அதைவிட எளிய வழி: வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், பழையது புதியது எல்லாம், ஒரு பையில் அள்ளிக்கொண்டு வரச்சொல்லி மேஜையில் கொட்டிப் பார்ப்பது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

காசநோயில் கைமாற்றம் ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. அரசின் காசநோய்ப் பதிவேடான நிக்ஷயில் நோயாளிக்குத் தரும் எண் நாடு முழுக்க ஒன்றே. அதைச் சொன்னால் சிகிச்சையை மாநிலம் மாற்றித் தரலாம். பெரியவர்களுக்கு மாத்திரை எண்ணிக்கை எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 வரை 4. சிகிச்சையில் எடை ஏறினால் எண்ணிக்கையும் மாற வேண்டும், புதிய இடத்தில் எடை பார்க்காமல் பழைய எண்ணிக்கையையே தொடர்வது உண்டு. அதைவிடப் பெரிய சறுக்கல் முதல் நாளிலேயே நடக்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு சிவப்பாக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ரத்தம் போகிறது என்று பயந்து மூன்றாம் நாளே மாத்திரையை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஆறு மாதச் சிகிச்சை காப்பாற்றப்பட்டிருக்கும்.

சிறுநீரகம் செயலிழந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் கனமானவை. ஹீமோடயாலிசிஸ் என்றால் வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். மலைத் தோட்டத்திலிருந்து டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வர ஒரு முழு நாள். கூட வருபவருக்கும் வேலை போச்சு. வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸில் தினம் மூன்று, நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி. பயணம் மிச்சம். ஆனால் கதவை மூடிக்கொள்ளத் தனி இடம், கை கழுவ ஓடும் தண்ணீர், இரண்டு லிட்டர் பைகளை அடுக்கி வைக்க உலர்ந்த மூலை வேண்டும். மூன்று தலைமுறை ஒரே அறையில் படுக்கும் லயத்தில் இதெல்லாம் எங்கே என்று யோசிக்காமல் எழுதிக்கொடுத்தால் வயிற்றுக்குள் தொற்று வரும். வெளியே வரும் திரவம் கலங்கலாக இருந்தால் அன்றே ஓட வேண்டும். 2016-ல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் 2019-ல் இந்த வீட்டு முறையும் சேர்க்கப்பட்டது. வயது முதிர்ந்து வேறு நோய்களும் உள்ளவருக்கு, டயாலிசிஸ் இல்லாமல் உபாதைகளை மட்டும் கட்டுப்படுத்திக்கொண்டு வீட்டில் இருப்பதும் ஒரு நியாயமான தேர்வு. இதைச் சொல்ல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். சொல்லாமல் விடுவது, நோயாளிக்கு உரிய முடிவை அவர் கையிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், வேறு வழிகள், ஆபத்துகள் எல்லாவற்றையும் சொல்லிப் பெறுவதே சம்மதம். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த படிவத்தில், படிக்கத் தெரியாதவரிடம் வாங்கும் கையெழுத்து இதில் எந்த நிபந்தனையையும் நிறைவேற்றவில்லை.

புற்றுநோய் வார்டுகளில் கதவோரம் மருத்துவரை நிறுத்தி, "அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க சார், தாங்கமாட்டாரு" என்று மகன் கெஞ்சுவது வழக்கம். அந்தப் பாசத்தை உதறக் கூடாது; அதற்காக நோயாளியிடம் பொய் சொல்லவும் கூடாது. நடைமுறையில் உதவும் வழி: முதலில் மகனிடம், "நானா எதையும் போட்டு உடைக்க மாட்டேன், அவரு கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்று சொல்லிவிடுவது. பிறகு நோயாளியிடம், "உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்கய்யா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது. பெரும்பாலும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். பிள்ளைகள் மனசு கஷ்டப்படும் என்று அவரும் மறைத்துக்கொண்டிருப்பார். "எல்லாத்தையும் மகன்கிட்டயே பேசிக்குங்க" என்று அவர் சொன்னால் அதுவும் அவர் முடிவு. அதை மதிக்க வேண்டும்.

வலி நிவாரணப் பராமரிப்பில் கேரளம் நாட்டுக்கே முன்னோடி. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்திலிருந்து வளர்ந்து, 2008-ல் மாநிலக் கொள்கையே ஆனது. பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டிலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பு உண்டு. இரண்டும் நல்ல திட்டங்கள். படுக்கையோடு ஜீப்பில் இறங்கும் நோயாளியின் பெயரை ஒரு பட்டியலிலிருந்து மற்றதற்கு மாற்றும் வழிதான் இல்லை. போன் எண் வாங்கி ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் பேசினால்தான் நடக்கும்.

மார்ஃபின் மாத்திரையில் இந்த இடைவெளி கொடுமையாக இருக்கும். சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்குத்தான் வேலை செய்யும். அதனால் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்த பிறகு கொடுத்தால் வலி எப்போதும் ஒரு அடி முன்னால்தான் நிற்கும். கூடவே முதல் நாளிலிருந்து மலமிளக்கியும் எழுத வேண்டும். அதை மறந்தால் ஐந்தாம் நாள் மலச்சிக்கல் தாங்காமல் குடும்பமே மார்ஃபினை நிறுத்திவிடும். முதல் சில நாள் குமட்டல் வரும், போய்விடும் என்றும் சொல்லிவைக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டவருக்கு மருந்து உடம்பில் தேங்கும். அளவு குறைய வேண்டும். இந்த மருந்து எல்லாக் கடையிலும் கிடைக்காது. போதைமருந்துச் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு விதிகள் நாடு முழுக்க ஒன்றானாலும், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள்தான் இருப்பு வைக்கின்றன. கோட்டயத்தில் இரண்டு வாரத்துக்கு வாங்கி வந்தது பதினைந்தாம் நாள் தீர்ந்து, கம்பத்தில் நாலு கடை ஏறி இறங்கி, ராத்திரி முழுக்க ஒருவர் கத்திக்கொண்டிருப்பது தவிர்க்கக்கூடியது. டிஸ்சார்ஜுக்கு முன்பே, போகும் ஊருக்குப் பக்கத்தில் மார்ஃபின் உள்ள மையம் எது என்று பார்த்து, அங்கே பேசி, அந்தப் பெயரையும் எண்ணையும் சீட்டிலேயே எழுத வேண்டும்.

காப்பீட்டைப் பற்றி ஒன்று மட்டும். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பயனாளிகள் வேறு மாநிலத்திலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். மாநில அரசு தன் செலவில் சேர்த்த குடும்பங்களுக்கும் அது பொருந்துமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுண்டரில் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். படுத்த பிறகு கேட்டால் பில் ஏறிக்கொண்டிருக்கும்.

மொழி விஷயத்தில் சட்டம் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் இடம் தருகிறது. அங்கேயுள்ள மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குத் தமிழிலேயே மனு கொடுக்கலாம். எழுத வேண்டிய முதல் மனு, கேஸ் ஷீட்டின் நகல் கேட்டு. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் அறிக்கை, பயாப்சி அறிக்கை, கடைசி ரத்தப் பரிசோதனை, எந்த மருந்தால் அலர்ஜி வந்தது என்ற குறிப்பு எல்லாம் வேண்டும். நகல் கையில் கிடைத்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, கீழே இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போனுக்கும் அனுப்பிவையுங்கள். ஜீப்பில் மழைக்கு நனைந்த ஃபைலால் திரும்பவும் கோட்டயத்துக்கு ஏறி இறங்க வேண்டியிருக்காது.